எங்கள் 21 புள்ளிக்கு யார் கணக்குச் சொல்வது?

250. 229.

இந்த இரண்டு எண்களையும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் சுமக்கிறேன். 1971ஆம் ஆண்டு இலங்கையில் மருத்துவ பீட அனுமதிக்கு, நானூறு புள்ளியில் தமிழில் எழுதிய பிள்ளை 250 எடுக்க வேண்டும். சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும். பேராதனைப் பொறியியலுக்கும் அப்படித்தான்: தமிழுக்கு 250, சிங்களத்துக்கு 227. ஒரே பாடத்திட்டம், ஒரே நாள், ஒரே கேள்விகள். மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போன நேரம்கூட ஒன்றுதான். பிறகு எதற்கையா இரண்டு படலை?

மருத்துவக் கனவோடு எழுதியவன் நான். என் புள்ளி அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழுந்தது. வேறு மொழியில் எழுதியிருந்தால் உள்ளே. என் தாய்மொழியில் எழுதியபடியால் வெளியே. தமிழில் படி என்று சொல்லித் தந்ததே இந்த நாட்டின் கல்வி முறைதான். அது காட்டிய பாதையில் போனதற்கு அதுவே தண்டித்தது.

திருகோணமலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இப்போதும் உயர்தரப் பரீட்சை முடிந்த பிள்ளைகள் கூடி நின்று விடை பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நின்றோம். பௌதிகவியல் முடிந்த அன்று பசியும் தெரியவில்லை, வெயிலும் தெரியவில்லை. "கடைசிக் கணக்குக்கு உனக்கு எத்தனை வந்தது?" "இரண்டு தசம் நாலு." "டேய், அலகை மாத்தினியா?" மாற்றாதவனுக்கு அந்த இடத்திலேயே முகம் செத்துவிடும். பக்கத்தில் இருப்பவன் தோளில் கை போட்டு, "செய்முறைக்குப் புள்ளி தருவாங்கள் மச்சான், பயப்படாதே" என்பான். விலங்கியலில் படம் கீறிப் பெயர் குறித்த கேள்விக்கு யார் எந்தப் பெயரை விட்டார்கள் என்று மண்ணில் குச்சியால் கீறிப் பார்த்தோம். கீழே துறைமுகத்தில் கப்பல் வந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களோடு ஒரு சிங்களப் பெடியனும் நிற்பான். தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவன் சிங்கள மொழிமூலம் எழுதியவன். அவன் பாதித் தமிழில் சொல்லுவான், நாங்கள் பாதிச் சிங்களத்தில் கேட்போம். அவனுடைய விடையும் எங்களுடைய விடையும் ஒன்றாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பிழைத்தால் சேர்ந்தே பிழைத்தோம். அந்த ஏற்றத்தில் நின்று நாங்கள் எத்தனையோ பயந்தோம்: மடக்கை அட்டவணையைப் பிழையாகப் பார்த்துவிட்டோமா, சுட்டெண்ணை விட்டுவிட்டோமா என்று. எழுதிய மொழிக்குப் புள்ளி வெட்டுவார்கள் என்று மட்டும் ஒருவனும் பயப்படவில்லை. அப்படி ஒரு பயம் உலகத்தில் உண்டென்றே எங்களுக்குத் தெரியாது.

அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் கேட்டு வாங்கிய சலுகை இல்லை அது.

அப்போது இந்த இரண்டு எண்களுக்கும் என்ன காரணம் சொன்னார்கள்? தமிழ் மொழிமூலப் பரீட்சகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளியைக் கூட்டிப் போடுகிறார்கள் என்றார்கள். எங்கள் ஆசிரியர்களின் நேர்மை மீது பூசிய அந்தக் கரி எந்த நாளும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. சந்தேகம் போதுமாக இருந்தது. கள்ளமாகப் புள்ளி போட்டான் என்றால் அந்த விடைத்தாளை எடு, திரும்பத் திருத்து, போட்டவனைப் பிடி. ஓர் இனத்தின் பிள்ளைகள் அத்தனை பேரின் புள்ளியிலும் ஏன் கை வைத்தாய்?

பின்தங்கிய பிள்ளைகளுக்கு வழி திறந்தோம் என்றும் சொன்னார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கொழும்பில் ஆய்வுகூடமும் நூலகமும் மின்விசிறியும் உள்ள கல்லூரியில் சிங்களத்தில் படித்த பிள்ளைக்கு 229. குச்சவெளியிலோ மூதூரிலோ குப்பி விளக்கில் தமிழில் படித்த மீன்பிடிகாரன் மகனுக்கு 250. இதில் பின்தங்கியவன் யார், முன்னேறியவன் யார்? வறுமையைப் பார்த்து விட்டுக்கொடுத்திருந்தால் தலை வணங்கியிருப்பேன். அவர்கள் பார்த்தது வறுமையை அல்ல.

1973இல் இந்த இரட்டைக் கணக்குக்குத் தரப்படுத்தல் என்று முறையான வடிவம் கொடுத்து, மொழிமூலவாரியாகப் புள்ளிகளை மாற்றி அமைத்தார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் எங்கள் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் சில இடங்கள் கூடக் கிடைத்தன. அதை நான் மறைக்க மாட்டேன். ஆய்வுகூடமே காணாத பாடசாலைப் பிள்ளைக்கு ஒரு கை கொடுப்பது நியாயம். இன்றைக்கும் இசட் புள்ளி முறையில் பல்கலைக்கழக இடங்களை 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். அந்தப் பதினாறில் எங்கள் மாவட்டமும் ஒன்று. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மாவட்டக் கணக்கைக் காட்டி மொழிக் கணக்கை மூடி மறைக்க விடமாட்டேன். இரண்டு கணக்கும் சேர்ந்ததில், பொறியியலுக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளின் பங்கு 1973இல் 24.4 வீதம், அடுத்த வருஷமே 16.3. மருத்துவத்தில் 36.9 வீதம் 25.9 ஆனது. ஒரே வருஷத்தில் ஒரு சமூகத்தின் மூளை மழுங்கிப் போய்விடுமா?

எங்களில் சிலர் எழுதுவினைஞரானோம். சிலர் காணியை ஈடு வைத்து லண்டன் போனார்கள். காணி இல்லாதவன் கடையில் கணக்கெழுதினான். இதை எதிர்த்துத் தமிழ் மாணவர் பேரவை 1970இலேயே தொடங்கிவிட்டது. ஊர்வலம் போனார்கள், கோஷம் போட்டார்கள், ஒருவரும் காது கொடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பெடியள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை இந்தக் கிழக்கில் எந்தத் தாயிடம் கேட்டாலும் சொல்வாள். எல்லாவற்றுக்கும் இதுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய பிள்ளையிடமிருந்து முதலில் பிடுங்கப்பட்டது இந்த 21 புள்ளிதான்.

பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று என் மகனே கேட்கிறான். பழையதா? 2024 மே 31. உயர்தரப் பெறுபேறு வெளியான அன்று, இதே திருகோணமலையில், சாஹிரா கல்லூரியைச் சேர்ந்த எழுபது முஸ்லிம் மாணவிகளுக்குப் பெறுபேறு இல்லை. நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜனவரியில் பரீட்சை எழுதியபோது காதை மூடித் துணி அணிந்திருந்தார்களாம். காதுக்குள் கருவி இருந்திருக்கலாமாம். மெல்லிய, ஊடாகப் பார்க்கக்கூடிய சால்வைதான் அணிந்திருந்தோம் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். சந்தேகம் இருந்தால் பரீட்சை மண்டபத்திலேயே ஒரு பெண் ஆசிரியையைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் எழுதவும் விட்டு, மாதக்கணக்கில் காக்கவும் வைத்து, ஊரே பெறுபேறு பார்த்த நேரத்தில் எழுபது வீடுகளை அழ வைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளும் பரீட்சை முடிந்து கூடி நின்று விடை பார்த்திருப்பார்கள்தானே? இது சரி, அது பிழை என்று கை கோத்துக் கொண்டாடியிருப்பார்கள்தானே? "அது முஸ்லிம்களின் பிரச்சினை" என்று எங்கள் ஆட்களில் ஒருவர் என் முற்றத்தில் வைத்தே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகத்தைச் சாட்டி ஒரு கூட்டத்தின் பிள்ளைகளை ஒட்டுமொத்தமாக நிறுத்துவது என்னவென்று நமக்குத் தெரியாதா? அன்று நமக்கு மொழி, இன்று அவர்களுக்குத் துணி. விடைத்தாளில் இருந்ததை அன்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை.

எனக்கு இனி மருத்துவ பீடம் வேண்டாம். நட்டஈடும் வேண்டாம். என்னோடு விடை பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேருக்குக் கண் மங்கிவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான். 1971 அனுமதிக் கோப்புகள் எங்காவது இருந்தால் எடுங்கள். 229க்கு மேல், 250க்குக் கீழ் நின்ற தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, உரத்து, நாடு கேட்க வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அந்தப் பிள்ளை எந்தக் கேள்விக்குப் பிழையாக விடை எழுதியது என்று சொல்லுங்கள்.