பொய்க் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இறுதிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் லிவிங் வில் எனப்படும் முன்விருப்ப ஆவணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணியமாக இறப்பதும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று சொன்னதையும், 2023 ஜனவரியில் அதற்கான நடைமுறையை எளிதாக்கியதையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் நம் மருத்துவமனைகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அரசு மருத்துவமனையிலும் பிறகு தனியார் மருத்துவமனையிலும் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்ததும் டாக்டர் குடும்பத்தாரைத் தனியே கூப்பிடுவார். "எங்களால ஆனதெல்லாம் செஞ்சாச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார். கையிருப்பும் கரைந்து, கடனும் வாங்கி முடித்த குடும்பம் தலையாட்டும். உடனே ஒரு தாள் வரும். 'மருத்துவரின் ஆலோசனையை மீறி எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம்' என்று அதில் அச்சடித்திருக்கும். போகச் சொன்னவர் மருத்துவர்; மீறியதாகக் கையெழுத்துப் போடுகிறவர் மகன். அப்பாவைப் பாதி வைத்தியத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று அதன்பின் ஆயுசுக்கும் மருகுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பொய்க்குச் சாட்சியாகக் கீழே கையெழுத்திடுவது பெரும்பாலும் டியூட்டியில் இருக்கும் செவிலியர்.

அதோடு அவர் வேலை முடிந்துவிடாது. தொண்டையில் குழாயோடு நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றுவார்கள். வழி நெடுக, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டு போவது படிப்பை முடித்து ஓரிரு வருடம்கூட ஆகாத ஒரு பெண்ணாக இருப்பாள். வீட்டுத் திண்ணையில் உறவெல்லாம் சூழ்ந்து நிற்க, "எடுத்துரும்மா" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். குழாயை அவள்தான் எடுக்க வேண்டும். கூட டாக்டர் இருக்க மாட்டார். மூச்சுத்திணறலைத் தணிக்கும் மார்ஃபின் இருக்காது. எழுதிக் கொடுத்த உத்தரவும் இருக்காது. "அவருக்கு வலிக்குதா சிஸ்டர்?" என்று மனைவி கேட்பார். அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? நாளைக்குப் பங்காளித் தகராறில் யாரோ ஒருவர் போலீசுக்குப் போனால், குழாயை எடுத்தது யார் என்ற கேள்விக்கு அவள் பெயர் மட்டும்தான் பதிலாக இருக்கும்.

சட்டம் காட்டும் வழி இதைவிட எவ்வளவோ நேர்மையானது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாமா என்று, சிகிச்சை தரும் மருத்துவரும் அனுபவமுள்ள துறை வல்லுநர்கள் இருவரும் கொண்ட முதல் குழு பார்க்க வேண்டும். அதே போன்ற இரண்டாம் குழு அதை உறுதிசெய்ய வேண்டும். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குழுவும் முடிவைச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஆவணம் எழுதி வைக்காத நோயாளிக்கும் இந்த வழி உண்டு. எல்லாம் எழுத்தில் இருக்கும்; வலி தணிக்கும் மருந்தோடு மருத்துவமனையிலேயே செய்யலாம். பிறகு ஏன் செய்வதில்லை? இரண்டாம் குழுவுக்கு ஒரு மருத்துவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்க வேண்டும். அப்படி நியமிக்கக்கூடிய மருத்துவர்களின் பட்டியல் முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால் நள்ளிரவில் எந்த மருத்துவமனையும் அதைத் தேடி அலையாது. தாளில் ஒரு கையெழுத்து வாங்குவது சுலபம். சட்டம் காட்டும் இந்த வழியை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. ஆவணத்தைக் காப்பதிலும் இதே கதைதான். முன்விருப்ப ஆவணத்தைப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்பு ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. எங்கள் ஊர் அலுவலகத்தில் அவர் யார் என்று கேட்டேன். அப்படி ஒரு பொறுப்பு இருப்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

தீர்ப்பிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டு குழுவிலும் செவிலியருக்கு இடமில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். 2015இல் அவர் இறக்கும்வரை குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துக் காத்தவர்கள் அங்கிருந்த செவிலியர்களே. அவருக்கு உணவை நிறுத்தக் கோரிய வழக்கில் 2011இல் தீர்ப்பு வந்தபோது, அவருக்காகப் பேசும் உரிமை அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது நீதிமன்றம். அவர் வாழட்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு சரியா என்று வாதாடலாம். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்களே, அதுதான் முக்கியம். இந்த வழக்கில் தொடங்கிய சட்டம் வளர்ந்து நடைமுறையாக ஆனபோது செவிலியர் அதில் காணாமல் போனார்.

நோயாளி தன் விருப்பத்தை யாரிடம் சொல்கிறார்? ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று மகன் எங்களிடம் கேட்டுக்கொண்டு போவார். ராத்திரி இரண்டு மணிக்கு அதே அப்பா, "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்மா, மறுபடி அந்தக் குழாயை மட்டும் போட விட்டுடாதே" என்பார். அதைக் கேஸ் ஷீட்டில் எழுத எங்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம் என்பதையும் வாய்வார்த்தையாகத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020லேயே அதற்கு எழுத்துபூர்வமான வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது.

மருத்துவரின் ஆலோசனைப்படியே போகிற நோயாளிக்கு 'ஆலோசனையை மீறி' என்ற தாளை நீட்டுவதைச் சுகாதாரத் துறை தடை செய்ய வேண்டும். மாவட்டந்தோறும் இரண்டாம் குழுவுக்கான மருத்துவர் பட்டியலையும், ஆவணம் காக்கும் அதிகாரியின் பெயரையும் ஆட்சியர் அலுவலகத்திலும் அரசு மருத்துவமனை வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும். நோயாளி சொன்னதைப் பதிவு செய்யக் கேஸ் ஷீட்டில் செவிலியருக்கு இடம் வேண்டும். குழு கூடும்போது அந்தப் பதிவைப் படித்தாக வேண்டும். எழுத்தில் உத்தரவும், கையில் மருந்தும், கூடவே ஒரு டாக்டரும் இல்லாமல் எந்தச் செவிலியரையும் குழாய் எடுக்க அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்.