வேலூர்ச் சீமையும் புத்திடம் தேடும் பிரயாணிகளும்

பிறர் கால்படாத இடம் எது என்னும் வினா இக்காலத்துப் பிரயாணிகளிடையே ஒரு ஜுரம்போலப் பரவி வருகின்றது. உதகமண்டலம் சந்தையாய்விட்டது, கொடைக்கானல் வண்டிப்பேட்டையாய்விட்டது, ஆதலின் இன்னும் கெடாத ஓர் ஊரைக் காட்டுங்கள் என்று கேட்போர் தொகை நாள்தோறும் பெருகுகின்றது. அவர்கள் கேள்வியில் நியாயமில்லாமலில்லை. அவ்விரு மலைகளுக்கும் ஏறும் வண்டிகளை அடக்குவதற்குச் சென்னை ஹைகோர்ட்டே தலையிட வேண்டுவதாயிற்று. 2024-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி முதல் அநுமதிச்சீட்டு இன்றி அங்கே வண்டி செல்லலாகாதென்று ஏற்பட்டது. 2025 ஏப்ரல் முதல், கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டிகளென்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பிடப்பட்டது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். வெனிஸ் நகரத்தார் 2024-ல் பகற்பொழுது வந்துபோகும் பிரயாணிகளுக்குத் தலைக்கு 5 யூரோ வரி விதித்தார்கள். அதே வருஷம் பார்ஸிலோனா நகரத்தில் ஜனங்கள் வீதியிலே திரண்டு, உணவுச்சாலை வாசல்களில் உட்கார்ந்திருந்த அந்நியப் பிரயாணிகள்மீது குழந்தைகளின் நீர்த்துப்பாக்கியால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள்.

இந்நெருக்கடிக்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவது யாதெனின், கூட்டத்தைப் பிரித்து, இதுவரை எவரும் எட்டிப்பாராத ஊர்களுக்குத் திருப்பிவிட வேண்டுமென்பதே. ஒரு வீட்டாரின் ஜுரத்தைப் பக்கத்து வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது எவ்வகை வைத்தியமோ நமக்கு விளங்கவில்லை. பாலாற்றங்கரையிலுள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பிரதேசமும், அதனைச் சூழ்ந்த மலைகளும் இவ்வகை யோசனைக்கு எளிதில் இலக்காகக்கூடியவை. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவழியிற் கிடப்பவை. ஆகவே இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முன்கூட்டியே கூறிவிடுதல் நலமென்று கருதுகின்றோம்.

முதலாவது, "கால்படாத இடம்" என்னும் சொற்றொடரே நமக்கு உவப்பாயில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டைக் 'கண்டுபிடித்தான்' என்று நம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிவைத்தார்கள். அங்கே அன்று அரசனும் அங்காடியும் இருந்தது அவர்கள் கணக்கில் வரவில்லை. அந்தக் கண்ணைத்தான் இன்றைய பிரயாணி இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலையேறுகின்றான். மலையாளி என்னும் மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாய்ச் சாமை விதைத்து உழுத நிலம் அவனுக்குக் கால்படாத நிலமாகத் தோன்றுகின்றது!

ஆயினும் இச்சீமை காணத்தக்கதன்று என்று நாம் சொல்லவரவில்லை. நம்மவர்கள் இதனைக் காணவில்லையென்பதே நமது மனக்குறை. தென்னிந்தியாவின் முதற் பிரயாணி ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது இந்த வாலாஜா ரோட்டில்தான். அன்று முதல் இன்று ஓடும் வந்தே பாரத் வண்டி வரையில், லக்ஷோபலக்ஷம் ஜனங்கள் இவ்வழியே போய்க்கொண்டிருக்கிறார்கள். இறங்கிப் பார்த்தவர் எத்தனைபேர்? இன்று வேலூரில் பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் யாத்திரிகர்கள், சுமார் 1,500 கிலோ தங்கத்தால் அலங்கரித்து 2007-ல் திறக்கப்பட்ட திருமலைக்கோடிப் பொற்கோயிலைச் சுற்றிவிட்டு, அந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகின்றனர்.

காட்பாடிக்கு வடக்கே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி என்றோர் ஊர் உண்டு. ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சய சோழனுக்கு அவன் பேரனாகிய முதலாம் இராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை அங்கே நிற்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே கை, பாட்டன் நினைவாக எழுப்பிய சிறு கற்றளி அது. அரிஞ்சயனின் தமையன் இராஜாதித்தன் யானைமேலிருந்து போர் செய்து 949-ல் மாண்ட களம் தக்கோலம். அதுவும் இச்சீமையிலேதான், அரக்கோணத்துக்கு அருகில். அண்ணன் விழுந்த களத்தையும் தம்பியின் பள்ளிப்படையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். அதே வழியில் மகேந்திரவாடியில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்கு ஆக்கிய கோயில் இருக்கின்றது. அக்கோயில் எந்த ஏரிக்கரையில் ஆக்கப்பட்டதென்று அவன் கல்வெட்டே கூறுகின்றது. வள்ளிமலையில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், அம்மலையிலேயே கங்க அரசன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் இருப்பதைப் பெரும்பாலும் பாராமலே இறங்கிவிடுகின்றார்கள்.

இவை எல்லாவற்றினும் நம் மனத்தை உறுத்துவது ஆர்மாமலை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மலையாம்பட்டில் உள்ள அக்குகையின் விதானத்தில் சமணர் தீட்டிய 8-ம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. சித்தன்னவாசலுக்கு உடன்பிறப்பென்று அறிஞர் போற்றும் அவ்வோவியங்களிற் பெரும்பகுதி அழிந்து, திட்டுத் திட்டாகவே எஞ்சி நிற்கின்றது. இங்கே ஒரு தர்மசங்கடம் இருப்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக. இக்குகையை எவரும் அறியாதிருந்தால் கேட்பாரற்று அழியும்; எல்லோரும் அறிந்துவிட்டால் கரிக்கட்டியால் பெயரெழுதியே அழித்துவிடுவார்கள். விளம்பரத்தின் முன்னே காவல் போகவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

வேலூர்க் கோட்டையைப் பற்றி நமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் சுதேசிச் சிப்பாய்கள் அங்கே எழுந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்களிற் சுமார் 200 பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்து பழிதீர்த்ததில் நம்மவர் சுமார் 350 பேர் மாண்டார்கள். 1857-க்கு 51 வருஷங்கள் முந்திய இக்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, சிப்பாய்களின்மீது திணிக்கப்பட்ட புதுத் தலைப்பாகையில் தைத்திருந்த தோற்சின்னமேயாகும். இக்கோட்டையைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் அகழியைப் படம் பிடிக்கின்றார்கள். தோல் விஷயத்தைக் கேட்டறிபவர் சிலரே. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு வந்து, 1832-ல் மாண்டதும் வேலூரில்தான். அவன் சமாதி பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் உள்ளது.

தோல் என்றவுடன் இச்சீமையின் முக்கியமான வாழ்வுக்கே வந்துவிடுகின்றோம். உல்லாசப் பிரயாணிகள் இங்கே வாராததற்குத் தோல் ஷாப்புகளின் நாற்றத்தைக் காரணமாகச் சொல்வாருளர். அந்நாற்றத்திலே ஆயிரமாயிரம் குடும்பங்களின் சோறு இருக்கின்றது. அன்றியும் முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பல வாரங்கள் ஊறவைத்துப் பதனிட்ட தோல், ஈஸ்ட் இந்தியா தோலென்னும் பெயரால் சீமைச் சந்தைகளில் மதிப்புப் பெற்றது. குரோம் உப்பினால் விரைவிற் பதனிடும் முறை பின்னர் வந்து, 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் குறைத்து முழுப்பதத் தோலை ஊக்கியதன்மேல் எங்கும் பரவிற்று. செல்வம் வந்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வர்த்தகர்கள் அச்செல்வத்தில் ஒரு பங்கைக் கல்விச்சாலைகளுக்கு ஈந்ததை நாம் மறுக்கவில்லை. கழிவுநீரோ பாலாற்றுக்குள் போயிற்று.

இது குறித்துச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ந் தேதி அளித்த தீர்ப்பு, சட்டம் பயில்வோர் யாவரும் அறிந்தது. கெடுத்தவனே செலவேற்க வேண்டும் என்ற விதியும், கெடுதி நிச்சயமாகுமுன்பே தடுக்கவேண்டும் என்ற விதியும் இத்தேசத்துச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. விவசாய ஆராய்ச்சி நிலையத்தாரின் மதிப்பின்படி சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதுமாகவோ ஒருபகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமற் போயிற்றென்பது அத்தீர்ப்பிலேயே கண்டிருக்கின்றது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. டில்லியிலும் கல்கத்தாவிலும் சட்டக்கல்லூரி மாணவர் வேலூரின் பெயரை அறிவது இவ்வழக்கினால்தான். அப்பால் 28 வருஷங்களுக்கு மேற்சென்று, 2025 ஜனவரி 30-ந் தேதி, அதே சுப்ரீம் கோர்ட்டு அதே பாலாற்றுக்காகவும் அதே இழப்பீட்டுக்காகவும் மறுபடியும் ஒரு தீர்ப்பெழுத நேர்ந்தது. வழக்கில் ஜயித்த குடியானவன் கிணற்றில் நல்ல நீர் ஊறிற்றா? தீர்ப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டுவோர் இவ்வாற்றங்கரை வழியே நடந்து பார்க்கலாம். இன்னொரு செய்தி: உலகில் காணவேண்டிய பத்து இடங்களென்று பட்டியல் போடுவது இக்காலத்து நாகரிகம். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனத்தார் உலகில் மிகவும் நச்சேறிய பத்து இடங்களென ஒரு பட்டியல் போட்டார்கள். அதிலே நமது இராணிப்பேட்டை இடம்பெற்றது.

இச்சீமைக்குப் பிரயாணிகளே வருவதில்லையென்பதும் தவறு. 1900-ல் அம்மையார் ஐடா ஸ்கட்டர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சைசாலை இன்று பெரும் வைத்தியக் கல்லூரியாய் விளங்குகின்றது. அதனை நாடி வங்காளத்திலிருந்தும், கிழக்கெல்லை மாகாணங்களிலிருந்தும், பங்களாதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றார்கள். வேலூர்க் கடைவீதியிலே வங்காளி எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. வங்காளத்திலிருந்து வேறொரு கூட்டமும் இப்பக்கம் வருகின்றது. 2015 ஜனவரி 31-ந் தேதி இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஷாப்புக் கழிவைத் தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தினர். பிழைக்க வந்தோரும் உயிர் பிழைக்க வந்தோருமாகிய இவர்களே வேலூரின் மெய்யான பிரயாணிகள். உல்லாச விடுதிகளைப்பற்றி யோசிக்கும் அதிகாரிகள், இவர்கள் தங்குமிடம், குடிநீர், கக்கூஸ் முதலியவற்றைப்பற்றி முதலில் யோசித்தால் என்ன?

இனி, "அசல்" என்பதைப்பற்றி. பிரயாணிகள் அசலான ஊரையும் அசலான உணவையும் கேட்கின்றார்கள். ஆம்பூர் என்றால் சீரகசம்பா அரிசிப் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொடுகறியும் நினைவுக்கு வரும். 2022 மே மாதத்தில் அவ்வூரில் அதிகாரிகள் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தார்கள். மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லையென்று தெரியவரவே கிளர்ச்சி உண்டாயிற்று. ஆதிதிராவிடர் பழங்குடியினர் கமிஷன் விளக்கங் கேட்டது. மழையைக் காரணங் காட்டித் திருவிழா ஒத்திவைக்கப்பட்டது. மாட்டுத்தோலைப் பதனிட்டு அந்நிய தேசத்துக்கு அனுப்பி வாழும் ஊரிலே, அவ்வூர் ஏழைகளும் முஸ்லிம்களும் அன்றாடம் உண்பதை மறைத்துவிட்டு எதனை அசலென்று காட்டப்போகின்றார்கள்? வந்தவர் முகஞ்சுளிப்பாரென்று அஞ்சி, சொந்த வீட்டாரை அடுக்களைக்குள் ஒளித்துவைக்கும் விருந்து இது. நாம் அந்த இலையில் உட்காருபவரல்ல. ஆயினும் எவருடைய இலையையும் எடுத்தெறிய எவருக்கும் அதிகாரமில்லை என்று சொல்லுவோம்.

மலைகளின் விஷயம் வேறு. ஏலகிரிக்கு 14 கொண்டையூசி வளைவுகளுள்ள ரஸ்தா போட்டாயிற்று, விடுதிகளும் எழுந்துவிட்டன. அடுத்து ஜவ்வாது மலைதான். அம்மலையிற் காவலூரில் 2.34 மீட்டர் ஆடியுள்ள வைணு பாப்பு தூரதர்சினி 1986 முதல் இயங்குகின்றது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென்பதை 1977-ல் கண்ட வானநூலார்களுள் காவலூராரும் ஒருவர். அந்த ஞானத்துக்கு மூலதனம் யாது? இருள்! மலைமேல் விடுதிக்கு விடுதி மின்விளக்கு எரியத் தொடங்கினால் அந்த மூலதனம் கரைந்துவிடும். அதனைத் திரும்பச் சம்பாதிக்க எந்த வரவுசெலவுத் திட்டத்தாலும் ஆகாது. மலைவாசிகளின் நிலையோ நாம் அறிந்ததே. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்களென்று ஆந்திரப் போலீஸார் சுட்டுக் கொன்ற 20 தமிழருள் ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகளும் இருந்தார்கள். கூலிக்காக அயல்நாட்டுக் காட்டுக்குள் உயிரைப் பணயம் வைத்து நுழைந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய நிலத்தைப் பட்டணத்து முதலாளி வாங்கி விடுதி கட்டி, அவர்களை அங்கே எச்சிற்பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டால் அதனை அபிவிருத்தியென்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

ஆதலின் நாம் கேட்பது இதுதான். ஆர்மாமலைக்கு விளம்பரப்பலகை நடுமுன் அங்கே சம்பளக் காவற்காரன் ஒருவனைத் தொல்லியல் இலாகா நியமிக்கட்டும். வழிகாட்டும் உத்தியோகத்தை மலையாம்பட்டு இளைஞருக்கே கொடுக்கட்டும். காவலூரைச் சுற்றி இன்னின்ன தூரத்துக்குள் இன்னவகை விளக்கே எரியலாமென்று சட்டம் ஏற்படட்டும். ஜவ்வாது மலையில் கிராமசபையின் சம்மதமின்றி எந்த விடுதிக்கும் உத்தரவு கொடுக்கலாகாது. பாலாற்றுக்கரைக் குடியானவருக்குச் சேரவேண்டிய இழப்பீடு, ஆற்றங்கரையில் பூங்கா போடும் பணத்துக்கு முன்னதாகப் பட்டுவாடா ஆகவேண்டும். வேலூர்க் கோட்டையிலுள்ள பொருட்காட்சிசாலையில் அரசர் வாட்களோடு, தோல் சீவும் கத்தியும் ஆவாரம்பட்டையும் வைக்கத் தக்கவை. 1806-ன் தோற்சின்னத்தின் கதை அவ்விடத்தில் எழுதிவைக்கப்படுமானால் இன்னும் நன்று.

தேசபக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரிக்கும் ஏற்காட்டுக்கும் விடுமுறைதோறும் ஓடுகின்ற நம் நண்பர்களில் எத்தனை பேர் மேல்பாடியைப் பார்த்திருக்கிறார்கள்? வருகின்ற ஜூலை 10-ந் தேதி வேலூர் நினைவுத் தூணுக்கு மாலையிட வருபவர்கள், பிரசங்கம் முடிந்தவுடன் ரயிலேறாமல் ஒருநாள் தங்கட்டும். காட்பாடிப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேல்பாடிக்குப் போகட்டும். பஸ் சத்தமும் ஒருவேளைக் கட்டுச்சோறும் தவிர வேறு செலவில்லை.