கடற்கரையில் செருப்புக்குக் காவல் இருப்பது யார்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

கோடை விடுமுறை முடிந்து மக்தப் மீண்டும் திறக்கும் முதல் வாரத்தில், விடுமுறை எவ்வாறு கழிந்தது என்று பிள்ளைகளிடம் வினவுவது நமது வழக்கம். இம்முறை 13 வயது மாணவன் ஒருவன், கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு கடற்கரை விடுதியில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கியதைச் சொன்னான். அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் குதித்ததையும், உப்பு நீர் மூக்கில் ஏறியதையும், மணலில் புதைந்து விளையாடியதையும் கண்கள் மின்ன விவரித்தான். அவனுடைய அக்காள் பெண் பிள்ளைகளின் மாலை வகுப்பில் பயில்கிறாள், வயது 15. அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டோம்.

“பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டேன் ஹஜ்ரத்” என்றாள்.

அவள் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

இது ஒரு வீட்டின் கதையன்று. விடுமுறை நாளில் நமது கடற்கரைகளுக்குச் சென்று பாருங்கள். தந்தையும் மகன்களும் அலையில் நிற்பர். கரையில், கொதிக்கும் மணலில், கறுப்பு உடையில், கைப்பேசிகளையும் துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு தாயும் பருவம் எய்திய மகளும் அமர்ந்திருப்பர். விடுதிக் கட்டணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. விடுமுறையில் மட்டும் பங்கில்லை. இதற்குப் பெயர் பேணுதல் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இது பேணுதல் அன்று. பேணுதலின் பெயரால் நடைபெறும் சோம்பல் என்று நாம் சொல்கிறோம். பெண் பிள்ளைக்கு மார்க்க வரம்புக்குள் இடம் அமைத்துக் கொடுப்பதற்குச் சற்று உழைக்க வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்ப்பதற்காகவே அவளைக் கரையில் அமர்த்துகிறோம்.

இதற்கு நபிவழியில் ஆதாரம் தேடுவோர் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரட்டும். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் அவர்களை மறைத்தவாறு, அன்னையாருக்கே சலிப்பு ஏற்படும்வரை நின்றுகொண்டிருந்தார்கள். இளம் வயதுப் பெண்ணுக்கு விளையாட்டில் இருக்கும் ஆவலை மதித்து நடந்துகொள்ளுங்கள் என்று அன்னையார் பிற்காலத்தில் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

அந்த மேலாடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது மறைப்பாகவும் இருந்தது, வழியாகவும் இருந்தது. “நீ பெண், உள்ளே போ” என்று சொல்வது எளிது. ஒரு நொடியில் முடிந்துவிடும். மேலாடையை விரித்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை நிற்பதற்குக் கால் வலிக்கும். நபியவர்கள் தேர்ந்தெடுத்தது கால் வலிக்கும் வழியை.

ஒரு பயணத்தின்போது உடன் வந்த தோழர்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு அண்ணலார் ஓட்டப் பந்தயம் ஓடியதையும் நாம் மிம்பரில் சொல்லி மகிழ்கிறோம். தோழர்களை ஏன் முன்னே அனுப்பினார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். தனிமையை முதலில் ஏற்படுத்தினார்கள், பிறகு விளையாடினார்கள். விடுமுறையைத் திட்டமிடும் தந்தை செய்ய வேண்டியது இவ்வளவே.

“ஈர உடை உடலோடு ஒட்டுமே, அந்நிய ஆண்கள் பார்ப்பார்களே” என்று கேட்கப்படும். நியாயமான கவலைதான். ஆனால் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தில் முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. பெண்களுக்கான வசனம் அதற்கு அடுத்தது. மேலும், தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது ஆணுக்குக் கடமை என்பது நம் மண்ணில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் தீர்ப்பு. தொடை தெரியும் அரைக்கால் சட்டையோடு அலையில் நிற்கும் 17 வயது மகனை எந்தத் தந்தை கரைக்கு அழைத்துக் கண்டித்தார்? மகள் முழுமையாக மறைத்துக்கொண்டு கரையில். மகன் மறைக்காமல் கடலில். வரம்பு இருவருக்கும் உண்டு என்றால் கண்டிப்பும் இருவருக்கும் வேண்டும்.

ஈர உடைக்கும் வழி இருக்கிறது. நீரை உறிஞ்சாத துணியில், தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும் தளர்வான நீச்சல் உடையை ஆஸ்திரேலியாவில் வாழும் அஹிதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண்மணி 2004-ஆம் ஆண்டு வடிவமைத்தார். அத்தகைய உடைகள் இன்று நம் ஊரிலும் வாங்கக் கிடைக்கின்றன. அடர்ந்த நிறத்தில், முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கும் மேலங்கியோடு கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம். பருத்திச் சுடிதாரோடும் துப்பட்டாவோடும் நீரில் இறங்குவதே ஆபத்து; துணி நீர் குடித்துக் கனக்கும், துப்பட்டா கழுத்தையும் காலையும் சுற்றும். கரையேறும்போது போர்த்திக்கொள்ள அகன்ற துணியோடு தாயோ தந்தையோ நீர் விளிம்பில் நிற்கட்டும். அதுவே அவர்கள் ஏந்தும் மேலாடை.

2016-ஆம் ஆண்டு கோடையில் பிரான்சின் கான் உள்ளிட்ட கடலோர நகரங்கள் இந்த உடைக்குத் தடை விதித்தன. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26 அன்று அவற்றுள் ஒரு நகரின் தடையை நிறுத்தி வைத்தது. முஸ்லிம் பெண்ணின் உரிமை பறிபோகிறதே என்று நாமும் கொதித்தோம், செய்திகளைப் பகிர்ந்தோம், ஜும்ஆ உரையிலும் பேசினோம். அங்கே மேயர் தடுத்ததற்காகக் கொதித்த நாம், இங்கே நம் மகளைத் தடுத்த கையை மட்டும் பார்க்கவில்லை.

“இவ்வளவு சிரமம் எதற்கு? போகாமலே இருந்துவிடலாமே” என்பார் சிலர். எவருமே போகாவிட்டால் அதில் அநீதி இல்லை. ஆனால் நடப்பது வேறு. மகளைக் காரணம் காட்டிக் குடும்பப் பயணம் கைவிடப்படும்; மகன் நண்பர்களோடு கடற்கரைக்குச் சென்று வருவான். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கியபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதி பேணுமாறு ஏவினார்கள். பொருளில் நீதி வேண்டும் என்றால் மகிழ்ச்சியில் வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு, “விடுமுறைதானே, எல்லாம் கிடக்கட்டும்” என்று மறுபக்கம் சாய்வோருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. மது பரிமாறப்படும் மேசைக்கு அருகே அமர்ந்து பிள்ளைகளுக்கு உணவூட்டுவதும், ஃபஜ்ரைத் தூங்கிக் கழிப்பதும், நீரில் நிற்கும் மனைவி மக்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைப்பதும் ஓய்வு ஆகா. வரம்பை உடைத்துப் பெறும் மகிழ்ச்சியைப் பிள்ளைகள் மதிக்கவும் மாட்டார்கள். ஆண்டு முழுவதும் நாம் சொல்லிக் கொடுத்தது வெறும் பேச்சு என்று முடிவு கட்டுவார்கள்.

ஆகவே, விடுதிக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டுத் தெளியுங்கள். வளாகத்தில் மதுக்கூடம் உண்டா? இறைச்சி ஹலாலா, இல்லையேல் மீனும் காய்கறியும் தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தருவார்களா? முழு உடல் மறைக்கும் நீச்சல் உடையைக் குளத்தில் அனுமதிப்பார்களா? பெண்களுக்குத் தனி நேரமோ மறைவான தனிக் குளமோ உண்டா? உயிர்காப்பாளர் இருக்கிறாரா? அறைகள் இரண்டு எடுங்கள். 10 வயதிலேயே பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பருவ வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்துவிட்டு ஓய்வு என்று சொல்வதில் பொருளில்லை.

கேட்க வேண்டியவர்கள் விடுதியார் மட்டுமல்லர், பிள்ளைகளும்தான். இப்ராஹீம் (அலை) அவர்கள், கனவில் இறைக்கட்டளை வந்த நிலையிலும், மகனிடம் அவருடைய கருத்தைக் கேட்டதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. எந்த ஊர், எத்தனை நாள் என்று 15 வயது மகளிடம் ஒரு சொல் கேட்பதில் நம் தகுதி குறைந்துவிடாது. கேட்டால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது ஒன்றே: மூன்று நாளில் ஆறு ஊர் வேண்டாம், ஓரிடத்தில் இருப்போம். பள்ளியும் தனிப்பயிற்சியும் ஆண்டு முழுவதும் விரட்டிய பிள்ளைகள் அவர்கள்.

நாள் அமைப்பைத் தொழுகையே தந்துவிடுகிறது. வங்கக் கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால், கடலுக்கு முதுகைக் காட்டிச் சற்று வடக்கே சாய்ந்து நின்றால் கிப்லா. ஃபஜ்ரைத் தொழுதுவிட்டுக் கரைக்குச் செல்லுங்கள். கூட்டம் குறைந்த, வெயில் ஏறாத அந்த ஒன்றிரண்டு மணி நேரமே பெண் பிள்ளைகளுக்கு மிக ஏற்றது. நண்பகலில் அறையில் உறக்கம்; கைலூலாவும் நபிவழியே. அஸருக்குப் பின் மீண்டும் மணல். மஃரிப் பாங்கு நேரத்துக்கு முன் நீரைவிட்டு வெளியேற வேண்டும். இருட்டிய பின் கடலில் இறங்க எவரையும் விடாதீர்கள். நம் கிழக்குக் கரையில் அலையின் இழுப்பு கடுமையானது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துச் செல்லும். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள். அங்குள்ள மீனவர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.

தொழுகையில் சலுகையையும் அளவறிந்து எடுங்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டரும் அதற்கு மேலும் செல்பவரே பயணி. வேலூரிலிருந்து மாமல்லபுரம் வருபவர் ளுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கலாம். ஃபஜ்ரும் மஃரிபும் மாறா. சென்னையிலிருந்து வருபவருக்கு அந்தத் தொலைவு இல்லை. அவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபினர் பயணத்தில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அவ்வாறு சேர்ப்பதில்லை. கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்டால், அது தூய்மையானது என்று நபியவர்கள் விடையளித்ததைச் சொல்லுங்கள். வகுப்பறையில் ஒரு மாதம் நடத்தியும் பதியாத பாடம் அலையோரத்தில் ஒரு நிமிடத்தில் பதியும்.

தாய்மாரை மறக்க வேண்டாம். விடுதிக்கும் அடுப்பும் சட்டியும் கட்டிக்கொண்டு போய் அவரைச் சமைக்க வைத்தால், அவருக்கு அது இடம் மாறிய சமையற்கட்டு மட்டுமே. வீட்டு வேலைகளில் பங்கெடுத்த நபியின் உம்மத்தினர் நாம். மூன்று நாள் தேநீரையாவது தந்தையும் மகனும் போடட்டும்.

அந்த மாணவி அடுத்த விடுமுறையிலும் கடற்கரைக்குச் செல்லக்கூடும். இன்னும் சில ஆண்டுகளில் மணமாகி வேறு வீடு செல்வாள். அத்தாவோடு அலையில் நின்ற நினைவு ஒன்றை அவள் கொண்டு செல்வாளா, செருப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு செல்வாளா என்பது அவள் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. பைகளை அறையில் வைத்துப் பூட்டுங்கள். செருப்புக்குக் காவல் வேண்டும் என்றால், தந்தையே, ஒரு மணி நேரம் நீங்கள் அமருங்கள். மகள் தன் தாயோடு நீரில் நிற்கட்டும்.

நம் பிள்ளைகளிடையே நீதியோடு நடக்கும் பெற்றோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.