ஹட்டனில் நிற்கும் டொல்பின்கள்

ஹட்டன் நகரில் வாடகை வான்கள் நிற்கும் இடத்தில், மழை விட்ட ஒரு காலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். டொயோட்டா ஹைஏஸ் வாகனத்தின் நாற்பது ஆண்டு வரலாற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். 1982 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் தலைமுறையை நம்மவர் ‘ஷெல்’ என்பர். 1989 இல் வந்த நான்காவது ‘டொல்பின்’. அதன் மூக்கின் வளைவைப் பார்த்தவர்க்குப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 2004 இல் வந்த ஐந்தாவதற்கு யாரும் செல்லப்பெயர் வைக்கவில்லை. ‘கேடிஎச்’ என்ற தொழிற்சாலைக் குறியீடே பெயராகிவிட்டது. கேடி என்பது என்ஜினின் குடும்பப் பெயர், எச் என்பது ஹைஏஸ்.

வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் நண்பர்கள் சிலருக்கு ‘வெள்ளை வான்’ என்றதும் வேறொரு நினைவு வரும். எனக்கும் வரும். 2008 மே மாதம் கீத் நொயாரும், 2009 ஜூன் முதலாம் திகதி போத்தல ஜயந்தவும் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட நாட்களில், தெருவில் ஒரு டொல்பின் வேகம் குறைத்தால் எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் தோட்டத்து மக்களுக்கு அதே வான்தான் பிள்ளையைப் பள்ளிக்கும், கர்ப்பிணியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும், தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் இளைஞனை லயத்து வாசலுக்கும் கொண்டுசேர்ப்பது.

மலைச் சாரதிகள் இன்றும் ‘113’ ஐ விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2,779 சிசி டீசல் என்ஜின், டேர்போ இல்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் முனகும், ஆனால் நிற்காது. பழுதானால் நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ உள்ள சாதாரண கராஜில் திருத்திவிடலாம். கேடிஎச் பலசாலிதான். ஆனால் அதன் இன்ஜெக்டர் கெட்டால் உரிமையாளரின் இரண்டு மாத வருமானம் போய்விடும் என்கிறார்கள்.

என் கவலை வேறு. இந்த மூன்று தலைமுறைகளிலும் என்ஜின் முன் ஆசனத்தின் கீழே இருக்கிறது. சாரதியின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு மட்டுமே. 2019 இல் பிலிப்பைன்ஸில் அறிமுகமான ஆறாம் தலைமுறையில் என்ஜின் முன்னே நகர்ந்தது, மூக்கு நீண்டது, மோதலின் அடியை வாங்கிக்கொள்ள இடம் கிடைத்தது. ஜப்பானோ உள்நாட்டுக்குப் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டது. 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலத்துக்குள் அடங்கும் வாகனத்துக்கு அங்கே தனி வகுப்பு உண்டு. ஐந்தாம் தலைமுறையின் சாதாரண வான் அதற்குள் அடங்கும், புதியது 1.95 மீற்றர் அகலம். நாமோ ஜப்பானில் பாவித்ததை வாங்குகிறவர்கள். ஆகவே ரோக்கியோவின் சந்துகளுக்காக எழுதிய விதி, பொகவந்தலாவை வளைவில் யாருடைய கால் முதலில் நசுங்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. நம் தோட்டப் பாதைகளுக்கும் 1.95 மீற்றர் அதிகம் என்று சாரதிகள் சொல்வார்கள். அதுவும் நியாயமே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது, அதுவும் கடும் வரியோடு. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கழிக்க வேண்டிய வான்களெல்லாம் மறுபடி பூச்சு பூசிக்கொண்டு பாடசாலைச் சேவைக்கு வந்தன.

தென்னாபிரிக்காவிலும் ஏழைகளின் வாகனம் இந்த ஹைஏஸ்தான். அங்கே டாக்சியாக ஓடுவதற்கு ‘செஸ்ஃபிகிலே’ என்று பெயர். ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று பொருளாம். (நம்மூரில் இந்தப் பெயரை வைத்தால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்.) பழைய டாக்சியை ஒப்படைத்துக் கழிப்பவருக்கு, பாதுகாப்பான புதியதை வாங்க முற்பணமாக 50,000 ராண்ட் தரும் திட்டத்தை அந்த அரசு 2006 இல் தொடங்கியது. குறைகள் இருந்தன, தாமதங்கள் இருந்தன. ஆனாலும் பழைய வானைக் கழிப்பது உரிமையாளரின் தனிச்சுமையல்ல என்பதை அது ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் பாடசாலை வான்களுக்கு மட்டுமாவது, பழையதை ஒப்படைத்தால் புதியதற்கு வரிச்சலுகை என்று ஏன் கொடுக்கக்கூடாது? மலையகப் பிரதிநிதிகள் லயத்துக்குக் கூரைத்தகடு கேட்ட காலம் போதும்; இதையும் கேட்கட்டும்.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயாவில், சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ஒன்று இறக்கத்தில் ஒரு வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் இறந்தனர். அந்த மோதலை எந்த வானும் தாங்கியிருக்காது என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அதற்காகத் தாங்கக்கூடிய மோதல்களிலும் ஆட்களைப் பறிகொடுக்க வேண்டுமா? 2025 இல் ஆசனப்பட்டிச் சட்டம் பின்னாசனம் வரை நீண்டது அதிவேக நெடுஞ்சாலைகளுக்காக. ஹட்டனுக்கு அதிவேக நெடுஞ்சாலை கிடையாது.

அண்மையில் மல்லியப்பூ சந்தியில் ஒரு பாடசாலை வான் சாரதியிடம் பின்னாசனத்தில் பட்டி இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குங்க ஐயா” என்று பெருமையோடு கதவைத் திறந்து காட்டினார். புது ரெக்சின் உறை பளபளத்தது. பட்டிகள் அதற்குள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. “வெளிய விட்டா புள்ளைங்க இழுத்து விளையாடுதுங்க, அதான்” என்றார்.