நாற்பது பேர் இருந்தால் போதுமா?

போன தடவை நம்ம சுவரிதழில் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதினேன். இந்தத் தடவை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. "ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு இது தேவையா"ன்னு தாண்டிப் போயிடாதீங்க, முழுசும் படிச்சிட்டுத் திட்டுங்க.

மே மாத லீவுக்குத் திருப்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அக்கா 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடுவாங்க. 2004-ல் வந்த விளையாட்டு அது. அதோட பழைய வடிவத்தை 2019-ல் மறுபடியும் வெளியிட்டார்கள், அக்கா ஆடுறது அதுதான். அதில் 'மோல்டன் கோர்' என்று ஒரு நெருப்புக் குகை இருக்கு. 40 பேர் அவரவர் வீட்டிலிருந்தே ஒன்றாக உள்ளே போய்ச் சண்டை போடணும். இதுக்குப் பேர் ரெய்டு. (கபடி ரெய்டு இல்லை, வருமான வரி ரெய்டும் இல்லை!)

40 பேரும் ஒரே கூட்டம் கிடையாது. ஐந்து ஐந்து பேராக 8 குழு. யார் எந்தக் குழு என்று தலைவர்தான் பிரிக்கணும். என் கருத்து என்னன்னா, வாளைவிட இந்தப் பிரிக்கிற வேலைதான் பெரிசு. அதை நிறையப் பேர் ஏனோதானோன்னு செய்றாங்க.

ஏன்னு சொல்றேன். வாரியர் முன்னால் நின்று வெட்டுவார், அதில் ஓரிருவர் கேடயம் பிடித்து அடி வாங்குவார்கள். பிரீஸ்ட் காயம் ஆற்றுவார். மேஜ் தூர நின்று மந்திரம் போடுவார். எங்க அக்கா ஷாமன். ஷாமனும் காயம் ஆற்றுவார், கூடவே தரையில் டோட்டம் என்கிற கம்பம் ஒன்றை நடுவார். 'விண்ட்ஃபியூரி' கம்பம் நட்டால், பக்கத்தில் நின்று ஆயுதத்தால் அடிக்கிறவருக்கு ஐந்து வெட்டுக்கு ஒன்று என்கிற கணக்கில் இன்னொரு வெட்டு இலவசம். ஆனா ஷாமன் இருக்கிற அதே ஐந்து பேருக்குத்தான் இது கிடைக்கும். அடுத்த குழு ஆள் கம்பத்தை ஒட்டியே நின்னாலும் ஒண்ணும் கிடையாது.

நான் பார்த்த அன்னிக்கு, அவங்க தலைவர் காயம் ஆற்றுகிற எல்லாரையும் கடைசிக் குழுக்களில் போட்டிருந்தார். வருகைப் பதிவேடு மாதிரி பார்க்க நல்லா வரிசையா இருந்தது. ஷாமன் நாலு பேரும் பிரீஸ்ட்களோடு! பிரீஸ்டுக்கு எதுக்குங்க கூடுதல் வெட்டு? கடைசி எதிரி ராக்னரோஸ். 3 நிமிடத்துக்குள் அவனை முடிக்கலன்னா நெருப்புக் குழம்புக்குள் முங்கிட்டு, 8 நெருப்புப் பிள்ளைகளை அனுப்புவான். அன்னிக்கு முங்கினான், இவங்க எல்லாரும் செத்தாங்க. மூணு தடவை.

உடனே தலைவர், யார் எவ்வளவு அடிச்சாங்க என்கிற பட்டியலை எடுத்தார். ஷாமன்கள் கடைசி. "அடிக்கவும் இல்ல, பிரீஸ்ட் அளவுக்கு ஆத்தவும் இல்ல. அடுத்த வாரம் ரெண்டு ஷாமனை எடுத்துட்டு ரோக் சேர்ப்போம்" என்றார். அக்கா ஒண்ணும் பேசல. ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சிட்டு தோசை சாப்பிட வந்துட்டாங்க. எனக்குத்தான் கோபம். அந்தப் பட்டியலே சரியில்லை என்பேன். கம்பம் தருகிற கூடுதல் வெட்டு வாரியர் கணக்கில்தான் ஏறும், கம்பம் நட்டவர் கணக்கில் ஏறாது. அதை வச்சு ஆளை நீக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

ராத்திரி அக்காவும் நானும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தோம். முதலில் நாலு ஷாமன் பேரையும் தனித்தனிக் குழுவில் எழுதினோம். அப்புறம் அவங்களைச் சுற்றி வாரியர், ரோக். வாரியர் போடுகிற போர்க்கூச்சலும் அதே ஐந்து பேருக்குத்தான் பலம் கொடுக்கும், அதனால குழுவுக்கு ஒருத்தராவது வேணும். ரோக் வலக்கை ஆயுதத்தில் விஷம் தடவியிருந்தால் விண்ட்ஃபியூரி அதில் ஏறாது, அதை முன்னாடியே சொல்லிடணும். கேடயக்காரர் குழுவில் ஒரு வார்லாக். அவர் வளர்க்கிற 'இம்ப்' என்கிற குட்டிப் பேய் கூட இருந்தால் குழுவோட உயிர்பலம் கூடும். (எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் குட்டிப் பேய்தான்.) மேஜ்களை மீதி இடத்தில் போட்டோம்.

தலைவர் முணுமுணுத்துக்கிட்டே ஒத்துக்கிட்டார். அடுத்த வாரம் ரெண்டு பேர் தவிர எல்லாரும் அதே ஆட்கள், அதே ஆயுதங்கள். ராக்னரோஸ் முங்கறதுக்குள்ள விழுந்துட்டான்! பெரியம்மா எழுந்து வந்து திட்டுற அளவுக்குக் கத்தினோம்.

2008-ல் வந்த புதுப் பகுதியில் இதையெல்லாம் மாத்திட்டாங்களாம். பெரும்பாலான பலங்கள் ரெய்டு முழுக்கப் போய்ச் சேருமாம். அக்கா அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க. பழைய முறையில், "உன் வகை ஆள் எங்களுக்கு வேண்டாம்"னு நல்லா ஆடுறவங்களையே வெளியே நிறுத்துவாங்களாம். அது நியாயம்தான், மறுக்க முடியல. இருந்தாலும் எனக்குப் பழசுதான் பிடிச்சிருக்கு. யார் பக்கத்தில் யார் நின்றால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்காமல் அதில் ஒரு பேர்கூட எழுத முடியாது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஜெயிச்ச அன்னிக்கும் தலைவர் பட்டியலைப் போட்டார். முதல் அஞ்சு இடமும் வாரியர். அக்கா பேர் முப்பத்தெட்டாவது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி