இரவல் செங்கோல்

அமெரிக்க அதிபர் உலகிலேயே அதிக வல்லமை படைத்த தனிமனிதர், அவர் நினைத்தால் சட்டம், கையெழுத்திட்டால் வரி, வாய் திறந்தால் போர் என்னும் எண்ணம் தமிழ் நாளிதழ்த் தலைப்புகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் தேநீர்க்கடைப் பேச்சிலும் ஊறிக் கிடக்கிறது. இது அமெரிக்காவுக்கு வெளியே மட்டும் உலவும் எண்ணமன்று. அப்பதவியில் அமர்ந்தவர்களே இதை நம்பியிருக்கிறார்கள். அதிபர் ஒரு காரியத்தைச் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்று 1977ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நேர்காணலில் ரிச்சர்ட் நிக்சன் சொன்னார். அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதி தமக்கு விரும்பியதையெல்லாம் செய்யும் உரிமையைத் தந்திருப்பதாக 2019இல் டொனால்ட் டிரம்ப் சொன்னார். இருவர் கூற்றும் தவறு. சட்ட வல்லுநர்கள் மட்டும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய நுணுக்கப் பிழையும் அன்று இது; ஒரு குடியரசில் யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பதையே மக்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும் பெரும்பிழை.

1787இல் ஃபிலடெல்ஃபியா நகரில் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம் ஏழு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவதும் மிக நீண்டதும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தைப் பற்றியது. அதிபரைப் பற்றிய இரண்டாம் பகுதி அதில் பாதியளவுகூட இல்லை. வரி விதிப்பது, இறக்குமதித் தீர்வை வசூலிப்பது, அயல்நாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, நாணயம் அச்சிடுவது, போர் அறிவிப்பது, படை திரட்டுவது ஆகிய அனைத்தையும் அச்சட்டம் பிரதிநிதிகள் அவையும் செனட் எனப்படும் மேலவையும் சேர்ந்த காங்கிரசிடமே ஒப்படைத்திருக்கிறது. சட்டத்தின்வழி ஒதுக்கப்படாத ஒரு காசும் கருவூலத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதும், தரைப்படைக்கான நிதியை இரண்டாண்டுகளுக்கு மேல் ஒரே மூச்சில் ஒதுக்கக் கூடாது என்பதும் அம்முதற்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அதிபருக்கு எஞ்சியவை சில: படைகளின் தலைமை, மன்னிப்பு வழங்கும் உரிமை, செனட்டின் இசைவோடு தூதர்களையும் நீதிபதிகளையும் நியமிப்பது, அவ்வவையில் வந்திருப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஒப்பினால் உடன்படிக்கை செய்வது, இவற்றோடு சட்டங்கள் நேர்மையாக நிறைவேறுகின்றனவா என்று கவனித்துக்கொள்வது. இந்தக் கடைசிக் கடமையை அடுத்தடுத்து வந்த அதிபர்களின் வழக்கறிஞர்கள் உரிமையாகத் திரித்துப் படித்ததிலிருந்துதான் குழப்பத்தின் பெரும்பகுதி பிறந்தது. பிறர் இயற்றிய சட்டத்தை நிறைவேற்றக் கடமைப்பட்டவருக்கு, அக்கடமையைக் காரணம் காட்டித் தாமே சட்டம் இயற்றும் உரிமை வந்துவிடாது.

தெற்காசிய வாசகருக்கு இந்தக் குழப்பம் எளிதில் ஏற்படுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. இந்தியாவில் நாடாளுமன்றம் கூடாத வேளையில் அரசமைப்பின் 123ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படும் அவசரச் சட்டத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை முழுவதும் உண்டு. இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசமைப்பின்படி நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதிக்கு நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் உண்டு. அமெரிக்க அதிபர் வெளியிடும் நிர்வாக ஆணை முன்னதைப் போன்றதன்று. அது நடைமுறையில் உள்ள சட்டத்துக்கு உட்பட்டு அரசு அலுவலர்களுக்கு மேலிடத்திலிருந்து தரப்படும் பணிக்குறிப்பு மட்டுமே. காங்கிரசைக் கலைக்க அவரால் ஒருநாளும் முடியாது. தனியொருவர் கையெழுத்தால் வந்தது தனியொருவர் கையெழுத்தால் போகும் என்பதற்குப் பாரிஸ் பருவநிலை உடன்பாடே சான்று: செனட்டின் ஒப்புதலைக் கேளாமல் ஒபாமா 2016இல் நாட்டை அதில் சேர்த்தார், டிரம்ப் விலக்கினார், பைடன் 2021இல் மீண்டும் சேர்த்தார், 2025இல் மறுபடியும் டிரம்ப் விலகல் ஆணையில் கையெழுத்திட்டார்.

அதிபரின் ஆணை சட்டத்தின் எல்லையை ஒரு விரற்கடை தாண்டினாலும் என்ன ஆகும் என்பதை நாட்டின் தொடக்க காலத்திலேயே ஒரு வழக்கு காட்டிவிட்டது. பிரான்சோடு அறிவிக்கப்படாத கடற்போர் நடந்துகொண்டிருந்த 1799இல், பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குச் செல்லும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதிபர் ஜான் ஆடம்சின் நிர்வாகம் அச்சட்டத்தைக் கடற்படைத் தளபதிகளுக்கு அனுப்பியபோது, அத்துறைமுகங்களுக்குச் செல்பவற்றையும் அங்கிருந்து வருபவற்றையும் பிடிக்கலாம் என்று விரித்து எழுதிவிட்டது. இலக்கணத்தின் மொழியில் சொன்னால், நான்காம் வேற்றுமை மட்டும் இருந்த இடத்தில் ஐந்தாம் வேற்றுமையும் சேர்ந்துகொண்டது. அந்த ஆணையை நம்பிய ஜார்ஜ் லிட்டில் என்னும் கப்பல் தளபதி, ஹெய்ட்டியின் ஜெரெமி துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஃபிளையிங் ஃபிஷ் என்ற டேனியக் கப்பலைப் பிடித்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்த படைவீரரைத் தண்டிக்கலாகாது என்றே தம் மனம் முதலில் சாய்ந்ததாகத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆயினும் சட்டம் தடுத்ததை அதிபரின் ஆணை செல்லத்தக்கதாக்க முடியாது என்று 1804இல் முடிவு செய்து, கப்பல்காரர்களுக்கு அந்தத் தளபதியே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதிபரின் கட்டளையை நிறைவேற்றிய ஒருவர் அதற்குத் தம் கைப்பணத்தால் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்பதை, அதிபரின் வார்த்தையே சட்டம் என்று பேசுவோர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதே கேள்வி இரும்பு ஆலைகளின் வாசலில் எழுந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, மறுநாள் தொடங்கவிருந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் படைக்கலன் உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய அதிபர் ஹாரி ட்ரூமன், நாட்டின் பெரும் எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளுமாறு வணிகத்துறைச் செயலருக்கு ஆணையிட்டார். போர்க்காலம், படைத்தலைமை, நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்று வாதங்களும் அவர் பக்கம் இருந்தன. வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட் அல்லது ட்ரூமன் நியமித்தவர்கள். அப்படியிருந்தும் ஜூன் 2ஆம் நாள் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். தொழில் தகராறுகளில் ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தரலாமா என்று 1947இல் ஆராய்ந்த காங்கிரஸ் அதைத் தராமல் விட்டிருந்தது. தராததை எடுத்துக்கொள்ள அதிபருக்கு வழியில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார், வேலைநிறுத்தம் ஐம்பது நாள்களுக்கு மேல் நடந்தது, குடியரசு கவிழ்ந்துவிடவில்லை. அவ்வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துரை இன்றுவரை அளவுகோலாக நிற்கிறது: காங்கிரசின் இசைவோடு செயற்படும் அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் வாய் திறக்காத இடத்தில் அது அந்திவெளிச்சத்தில் நிற்கும், காங்கிரசின் விருப்பத்துக்கு மாறாக நடந்தால் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ரூஸ்வெல்ட்டின் அரசில் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்து அதிபரின் அதிகாரத்துக்காக வாதாடியவர் எழுதியது என்பதால் அதற்கு எடை கூடுதல்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், எல்லையற்றதாகத் தோன்றும் அதிபரின் வல்லமை பெரும்பாலும் இரவல் வாங்கிய வல்லமை என்பது விளங்கும். 2025இல் இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டபோது திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் திகைத்து நின்றன. ஒரு மனிதரின் கோபம் ஓர் ஊரின் பிழைப்பைக் குலைத்துவிட்டது என்றே எங்கும் பேசப்பட்டது. ஆனால் அத்தீர்வைக்கு அமெரிக்க அரசின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டியது அதிபர் பதவியின் இயல்பான அதிகாரத்தையன்று, நெருக்கடிக் காலப் பொருளாதார நடவடிக்கைகளுக்காகக் காங்கிரஸ் 1977இல் இயற்றிய சட்டத்தை. தீர்வை என்ற சொல்லே இல்லாத அச்சட்டத்தில் இவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு இடமில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் அதே ஆண்டில் தீர்ப்பளித்தன. வழக்கின் இரு தரப்பாருமே தீர்வை விதிக்கும் உரிமை பிறப்பால் காங்கிரசுடையது என்பதை அடிப்படையாகக் கொண்டே வாதிட்டார்கள். அதை எவ்வளவு தூரம் கைமாற்றிக் கொடுத்திருக்கிறது என்பது மட்டுமே வழக்காக இருந்தது.

போரிலும் இதுவே கதை. காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூன் மாதத்தில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளுக்கு எதிராக. வியட்நாம் போரை அதிபர் லிண்டன் ஜான்சனின் போர் என்று வரலாறு பேசுகிறது. அவருக்கு வரம்பில்லா அனுமதி அளித்த 1964 ஆகஸ்ட் மாதத் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் அவையில் 416 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள், எதிர்த்தவர் ஒருவருமில்லை, செனட்டில் எதிர்த்தவர் இருவர் மட்டுமே. 1942இல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளி மக்களை வீடுவாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்த கொடுமை ரூஸ்வெல்ட்டின் ஆணையால் தொடங்கியது. அந்த ஆணையை மீறுவோருக்குத் தண்டனை என்று அடுத்த மாதமே சட்டம் செய்து அதற்குப் பல் பொருத்தியது காங்கிரஸ். இந்தப் பழிகளையெல்லாம் அதிபர்களின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, கை தூக்கியவர்களை வரலாறு விடுவித்துவிடுவது அநீதி.

எல்லைகள் மீறப்பட்டதே இல்லை என்று சொல்வதும் பொய்யாகும். ஆட்கொணர்வு உரிமையை 1861இல் தாமாகவே நிறுத்திவைத்த ஆபிரகாம் லிங்கன், அது காங்கிரசுக்கு மட்டுமே உரிய அதிகாரம் என்று தலைமை நீதிபதி டேனி எழுதிய தீர்ப்பைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாண்டுகள் கழித்துக் காங்கிரஸ் சட்டம் இயற்றிய பிறகே அந்த இடைவெளி அடைபட்டது. 2024 ஜூலை 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பதவிக்கால அலுவல் செயல்களுக்காக முன்னாள் அதிபரைக் குற்றவழக்கில் நிறுத்துவதிலிருந்து மிகப் பரந்த விலக்கு அளித்தது. அத்தீர்ப்பு தவறானது, பதவிநீக்கம் செய்யப்பட்டவர் அதற்குப் பிறகும் குற்றவழக்குக்கு உட்பட்டவரே என்று வெளிப்படையாகச் சொல்லும் ஓர் அரசமைப்பில் இத்தகைய விலக்குக்கு வேர் இல்லை. எனினும் அது அதிபருக்குத் தண்டனையிலிருந்து தப்பிக்க வழி தந்ததே தவிர, இல்லாத அதிகாரம் எதையும் உண்டாக்கித் தரவில்லை. சட்டமில்லாமல் வரி விதிப்பதும் ஒதுக்கீடில்லாமல் பணம் எடுப்பதும் அத்தீர்ப்புக்குப் பிறகும் செல்லாதவையே.

உண்மையான ஆபத்து இருப்பது இரவல் கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழியில். அதிபர் நெருக்கடி நிலை அறிவிக்கும் முறையை வகுத்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில், இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையால் தீர்மானம் இயற்றினாலே அந்நிலை முடிந்துவிடும் என்ற பாதுகாப்பை வைத்துத்தான் காங்கிரஸ் அதிகாரத்தைக் கைமாற்றியது. 1983இல் சத்தா என்பவரின் குடியேற்ற வழக்கில், அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் காங்கிரஸ் தன் தீர்மானத்தால் மட்டும் எதையும் ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்தப் பாதுகாப்பு உதிர்ந்தது. அன்றுமுதல் நெருக்கடியை முடிக்கும் தீர்மானத்தில் அதை அறிவித்த அதிபரே கையெழுத்திட வேண்டும்; அவர் மறுத்தால் ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரு பங்கினர் வேண்டும். கொடுப்பதற்குப் பாதிக்கு மேல் ஒருவர் போதும் என்றிருக்க, மீட்பதற்கு இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கக் காங்கிரசால் முடியும்: நெருக்கடி அறிவிப்புகள் இரு அவைகளும் நீட்டித்தாலன்றிக் குறித்த நாளில் தாமாகவே காலாவதியாகும்படி சட்டத்தைத் திருத்தினால் போதும். அதற்கான முன்மொழிவுகள் இரு கட்சியினரிடமிருந்தும் வந்து, சட்டமாகாமலே கிடக்கின்றன.

மெக்சிகோ எல்லைச் சுவருக்காக 570 கோடி டாலர் கேட்ட டிரம்ப்புக்குக் காங்கிரஸ் அதைத் தர மறுத்தபோது, அரசு அலுவலகங்களின் ஒரு பகுதி 35 நாள்கள் மூடிக்கிடந்தது. 2019 பிப்ரவரியில் அவருக்குக் கிடைத்தது 137.5 கோடி டாலர். அணு ஆயுதத்தை ஏவும் அதிகாரம் கொண்டவர் தம் நாட்டுக் கருவூலத்திலிருந்து தாம் கேட்ட தொகையைப் பெற முடியாமல் போன அந்த நாள்களில் அரசமைப்புச் சட்டம் எழுதியபடியே வேலை செய்தது. பின்னர் அவர் நெருக்கடி நிலையை அறிவித்து, காங்கிரஸ் முன்பே கொடுத்துவைத்திருந்த வேறு சட்டங்களின்வழி படைத்துறைக் கட்டுமான நிதியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அந்த நெருக்கடியை முடிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 245க்கு 182 என்றும், அவருடைய குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்த செனட்டில் 59க்கு 41 என்றும் நிறைவேறியது. மார்ச் 15ஆம் நாள் அவர் அதைத் தம் பதவிக்காலத்தின் முதல் மறுப்பாணையால் திருப்பி அனுப்பினார். மார்ச் 26ஆம் நாள் பிரதிநிதிகள் அவை அந்த மறுப்பாணையை முறியடிப்பதற்காக மீண்டும் வாக்களித்தது. ஆதரவாக 248 பேர், எதிராக 181 பேர். வேண்டியிருந்தது 286.