ஒரு நாளைக்கு ஓர் அறை போதும்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?" எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அங்கே சிறுவர் அருங்காட்சியகமும் இருக்கிறது என்று சொல்வேன். உடனே அடுத்த கேள்வி வரும். "அரை நாளில் எல்லாத்தையும் பார்த்துடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டாம்.

1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், நாணயங்கள், திமிங்கல எலும்புக்கூடு, செடிகொடிகள், கற்கள் என்று பல கட்டடங்களில் பரந்து கிடக்கிறது. இத்தனையையும் ஒரு மத்தியானத்துக்குள் முடிக்க நினைக்கும் குடும்பத்தைப் பாருங்கள். அப்பா முன்னால் நடப்பார். அம்மா பலகையில் உள்ளதைச் சத்தமாகப் படிப்பார். தாத்தா, "இது எந்த நூற்றாண்டு, சொல்லு பார்ப்போம்" என்பார். பிள்ளை ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டால், "வா வா, இன்னும் நிறைய இருக்கு" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மூன்றாவது கட்டடத்தில் கால் வலிக்கிறது என்று அழுகை வரும். வாசலில் ஒரு போட்டோ, அப்புறம் ஐஸ்கிரீம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம்தான் நினைவிருக்கும். பிள்ளை மேல் குற்றம் இல்லை. அன்றைக்கு அது தானாகத் தேர்ந்தெடுத்தது ஐஸ்கிரீம் ஒன்றைத்தான்.

எதன் முன்னால் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அருங்காட்சியகத்தின் பயனே அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பாடப்புத்தகத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்ல அங்கே நாங்கள் இருக்கிறோம். விடுமுறையிலும் அதையே செய்தால் அது இன்னொரு வகுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர். வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தபோது அவற்றைப் பார்க்க மக்கள் திரண்டு வருவதைக் கவனித்தார். 1855இல் அங்கேயே ஒரு விலங்குக் காட்சிசாலை தொடங்கினார். அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் அழைத்தது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கும். அந்த உயிர் காலேஜ்தான் இடம் மாறி, 1985இல் நமக்குப் பக்கத்து வண்டலூருக்கு வந்தது. ஜனங்களின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பால்ஃபோர் பார்த்தார். நாம் நம் பிள்ளையின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும்.

குழந்தைகளுக்கென்றே முதல் அருங்காட்சியகம் 1899இல் அமெரிக்காவின் புரூக்ளினில் தொடங்கியது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' தொடங்கினார். அங்கே பொருட்களைக் கையால் தொட்டு, திருகி, இயக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் எழும்பூர் சிறுவர் அருங்காட்சியகத்தில் பல நாட்டு உடைகள் அணிந்த பொம்மைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதுதான் அதிகம். கை படுகிற பொருட்கள் இன்னும் வர வேண்டும் என்பதே என் விருப்பம். அதுவரை கையோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். படம் நன்றாக வர வேண்டியதில்லை. செல்போனில் ஒரு நொடியில் எடுத்துவிடும் பொருளை வரைய உட்கார்ந்தால் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

எந்த அறை என்று கேட்பவர்களுக்கு நம் ரயில் பாதையிலேயே பதில் இருக்கிறது. மறைமலைநகரில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் எழும்பூருக்கு முன்னால் பல்லாவரம் வரும். 1863 மே 30 அன்று, இதே கத்திரி வெயில் காலத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு சரளைக் குழியில் மனிதன் கையால் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்துக் கருவி என்று முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அதுதான். சில மாதங்களில் பூண்டி பக்கத்து அதிரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே பின்னாளில் நடந்த அகழாய்வில் கிடைத்தவற்றுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஃபூட் சேர்த்து வைத்திருந்த கருவிகளை எழும்பூர் அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. போகும் வழியில் பல்லாவரத்தைக் காட்டுங்கள், எழும்பூரில் கற்கருவிகள் இருக்கும் அறையைக் காட்டுங்கள். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டாம்.

போன கோடையில் என் பேரனோடு பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துப் போயிருந்தேன். அந்தக் கற்களுக்கு முன்னால் அவள் கேட்டாள், "இதை எந்தக் கையில பிடிச்சிருப்பாங்க?" இவன், "வலது கையிலதான்" என்றான். "என் தம்பி இடது கைக்காரன், அவன் என்ன பண்ணுவான்?" என்றாள். இரண்டு பேரும் வெறும் கையை மடக்கி மடக்கிப் பிடித்துப் பார்த்து ஒரு கால் மணி நேரம் வாதம் செய்தார்கள். நானாக யோசித்திருந்தாலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.

அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். நான்கு பெரியவர்கள் சூழ ஒரே பிள்ளை போனால் அதற்கு அது நேர்முகத் தேர்வு மாதிரி. இரண்டு பிள்ளைகள் போனால் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நம் ஊரில் ஷிப்டு வேலைக்குப் போகும் தாய் தகப்பன்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கு விடுமுறை, வேலைக்கு விடுமுறை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்க டிவியும் செல்போனும்தான். உங்கள் வண்டியில் இடம் இருந்தால், அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு, ஒரு பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். ரயிலில் போனால் செலவும் பெரிதாக இல்லை.

"இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர்றோம், ஓர் அறைக்காக ஒரு நாளா?" என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பத்து அறைகளை ஓடிப் பார்த்த பிள்ளை, "அதெல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லிவிடும். ஓர் அறையை நின்று பார்த்த பிள்ளை அடுத்த முறையும் போகலாம் என்று அதுவாகவே கேட்கும்.

உங்களில் ஆசிரியர்களாகிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா என்றால் காலையில் வண்டலூர், மதியம் எழும்பூர், மாலையில் மெரினா என்று போடாதீர்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவிடுங்கள்.

எழும்பூர் தூரம் என்று நினைப்பவர்கள் கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகலாம். 1996இல் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் ஒரே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள், போதும்.

எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம், வெயில் கடுமை. போய்வந்த பிறகு, பிள்ளை எதன் முன்னால் நின்றது, என்ன கேட்டது என்று இங்கே எழுதுங்கள். போட்டோவை விட அந்தக் கேள்வியைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மறைமலைநகர்